நானோ யூரியா: கணக்கு இடிக்கிறது

ஐயா,

சம்பாவுக்கு மேலுரம் வாங்கப் போனால், யூரியா மூட்டையோடு, இலையில் தெளிக்கும் திரவ உரமான நானோ யூரியா பாட்டில் ஒன்றையும் தலையில் கட்டிவிடுகிறார்கள். 2021-இல் சந்தைக்கு வந்ததிலிருந்தே, அரை லிட்டர் பாட்டில் 45 கிலோ மூட்டைக்குச் சமம் என்று சொல்கிறார்கள். மூட்டையில் 46 சதவீதம், அதாவது சுமார் 20 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). முதலில் வந்த பாட்டிலிலோ 4 சதவீதம். ஏறக்குறைய 20 கிராம். துகள் பொடிசு, இலைத்துளை வழியாக நேரே உள்ளே போய்விடும், மண்ணில் வீணாகாது என்கிறார்கள். சரி, துளிகூட வீணாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இல்லாத சத்து எங்கிருந்து வரும்? பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் சோதனையில் நெல், கோதுமை விளைச்சல் குறைந்துதான் போனது.

நானோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. டெல்டா களிமண்ணில் துத்தநாகப் பற்றாக்குறை பழைய தொல்லை. அதற்கு நானோ துத்தநாகம் கைகொடுத்தால் நல்லதுதான். ஆனால் அந்த உலோகத் துகள் நெல்மணி வரை ஏறுமா, வடிகாலில் கலந்தால் மண்ணின் நுண்ணுயிர்களும் மீன்களும் என்னாகும் என்பதெல்லாம் உலகெங்கும் இன்னும் முடியாத ஆராய்ச்சி.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இந்த நானோ உரங்களைக் குறுவை, சம்பா, தாளடி மூன்று பருவத்திலும் சோதித்து, தெளிப்புக் கூலியையும் (அதை யாரும் பேசுவதே இல்லை) கணக்கில் சேர்த்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்