தகட்டுப் பிழை வேறு, தாள் பிழை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய தபால்தலைகள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் எல்லாக் கோளாறுகளையும் ‘அச்சுப்பிழை’ என்று ஒரே மூட்டையில் கட்டியிருப்பதை ஏற்க முடியவில்லை. 1918-இல் அமெரிக்கா வெளியிட்ட 24 சென்ட் தபால்தலையில் விமானம் தலைகீழாகப் பறக்கிறதே, அதில் அச்சடிக்கும் உலோகத் தகட்டின் மேல் குற்றமே இல்லை. இரண்டு நிறங்களையும் தனித்தனியே அச்சிட்டபோது ஒன்று தலைமாறிப் போயிற்று. 100 தலைகள் கொண்ட அப்படிப்பட்ட தாள் ஒன்றுதான் வெளியே வந்தது. அது தாள் பிழை. தகட்டில் விழுந்த குறையோ, தாளுக்குத் தாள் அதே இடத்தில் வந்து நிற்கும்.

1840-இல் வந்த பிரிட்டனின் கறுப்புத் தபால்தலையான பென்னி பிளாக்கைப் பாருங்கள். உருளையில் இருந்த உருவத்தை எஃகுத் தகட்டில் 240 முறை அழுத்திப் பதித்தார்கள். வரிசைக்கு 12 வீதம் 20 வரிசை. தாளில் தலை இருக்கும் இடத்தைக் காட்டும் கீழ் மூலை எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் அடித்தார்கள். கைவேலை அல்லவா, ஓர் எழுத்து சாயும், இன்னொன்று விளிம்பை ஒட்டிவிடும். தலையில் தகட்டு எண் கிடையாது. எந்தத் தகடு என்று இன்று கண்டுபிடிக்க அந்தப் பிசகுகள்தாம் கை கொடுக்கின்றன. பின்னால் வந்த சிவப்புத் தலையான பென்னி ரெட்டின் 77ஆம் தகட்டில், இரண்டாம் வரிசையின் முதல் தலைக்கு ‘ஏ’ அடிக்கவே விட்டுப்போயிற்று. வலது மூலை வெறுமையாகவே அச்சானது.

தேய்ந்த தகட்டில் உருளையை மறுபடி அழுத்தும்போது மயிரிழை விலகினாலும் கோடுகள் இரட்டிக்கும். பென்னி பிளாக்கின் முதல் தகட்டைக் கடினப்படுத்தாமலே ஓட்டினார்கள். அது விரைவில் தேய்ந்து, இப்படித்தான் செப்பனிடப்பட்டது.

என்னிடம் உள்ள பென்னி ரெட் ஒன்றில், மேலே ‘போஸ்டேஜ்’ என்ற சொல்லுக்குள் மெல்லிய இரட்டைக் கோடு ஓடுகிறது. மை இழுபட்ட தடம் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். பிறகு இன்னொன்று கிடைத்தது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அதே மூலை எழுத்துகள், அவற்றின் அதே சாய்வு, அதே இடத்தில் அதே கோடு! அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த இரண்டாவது தலை கிடைத்திராவிட்டால் முதலாவதைத் தகட்டுப் பிழை என்று சொல்ல எனக்கு உரிமையே இருந்திருக்காது.

ஒற்றை மைத்துளியைக் காட்டி ‘அரிய தகட்டுப் பிழை’ என்று விற்பவர்களிடம் புதிய சேகரிப்பாளர்கள் ஏமாறுகிறார்கள். ஆகவே அடுத்த இதழிலாவது இந்த வேறுபாட்டைப் படங்களுடன் விளக்குங்கள். என்னுடைய இரு தலைகளையும் படமெடுக்கத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்