பழைய மண்டபம் ரோடு: செங்கல் பாலத்தைக் காக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடைய ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கண்மாய்க் கரையடியில் இருக்கும் பழைய மோட்டார் ரோட்டையும் அதன் செங்கல் வளைவுப் பாலத்தையும் காப்பாற்ற மொத்த மதிப்பீடு ரூ.4,85,000. இதுவரை வசூல் ரூ.2,97,500. குறைவது ரூ.1,87,500. அது ஆகஸ்ட் 31-க்குள் கைக்கு வந்தாக வேண்டும்.

தேதியை நாங்கள் விருப்பம்போல் வைக்கவில்லை. பாலத்தில் கொத்தனார் வேலை 20 நாள். அதன்பின் சுண்ணாம்புச் சாந்து இறுக, நனைத்த சாக்கைப் போர்த்தி 21 நாள் ஈரம் காக்க வேண்டும். செப்டம்பர் 1-ல் தொடங்கினால் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் முடியும். அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழை எப்போது வேண்டுமானாலும் இறங்கும். இறுகாத சாந்தின் மேல் மழை பெய்தால் இணைப்புகளிலிருந்து சுண்ணாம்பு கரைந்து ஓடிவிடும். போட்ட பணமும் அதோடு போகும். கண்மாய் நிரம்பிவிட்டால் பாலத்தின் அடி தை, மாசி வரை தண்ணீருக்குள்தான். கிழக்கு முகத்தில் ஏற்கெனவே இரண்டு வரிசைச் செங்கல் விழுந்துவிட்டது. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்தித்தான் நிற்கிறது. உச்சியில் இரண்டு கழன்றால் மிச்சத்தை எதுவும் தாங்காது. இன்னொரு மழைக்காலத்தை இது தாண்டும் என்று நாங்கள் நம்பவில்லை.

இந்த ரோடு என்ன ரோடு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். காசியிலிருந்து நடந்தே வந்தவர்கள் இராமநாத சுவாமியைக் காணப் போன சேது வழியின் கடைசிக் காதங்களில் வருவது இது. வழிப்போக்கருக்குச் சத்திரமும் மடமும் கிணறும் அமைத்து, சேதுவைக் காப்பதையே தங்கள் பட்டமாகக் கொண்டவர்கள் சேதுபதி மன்னர்கள். 1897 ஜனவரி 26-ல் பாம்பனில் கரையிறங்கிய சுவாமி விவேகானந்தரை பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வணங்கி வரவேற்றது இந்தக் கடற்கரையில்தான். அப்போது இங்கே ரயில் கிடையாது. 1902-ல் மண்டபம் வரை ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது; போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய் அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று இலங்கைப் பயணமே நம் வாசல் வழியாக நடந்தது. ஆனால் மோட்டார் வண்டிக்குக் கடலைத் தாண்ட ரோடு கிடையாது. 1988-ல் இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கும் வரை, ரயில் பாலம் வந்து 74 ஆண்டுகளாக, சென்னையிலிருந்து வந்தாலும் மதுரையிலிருந்து வந்தாலும் மோட்டார் ரோடு மண்டபம் கரையோடு நின்றுவிடும். அங்கே வந்து நின்ற காரும் பஸ்ஸும் லாரியும் இந்த ரோட்டின் கப்பியின், அதாவது உடைத்துப் பரப்பி உருட்டிய கல்லின், மேல்தான் உருண்டு வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, தமிழ்நாட்டில் பஸ்கள் கரிவாயுவில் ஓடிய காலத்தையும் இது கண்டது. பெரியவர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் என்றால் அந்தப் பெருமைக்கு அடி இருக்கிறது. அதைக் கண்ணால் காட்டத்தான் இந்த முயற்சி.

பின்னாளில் வளைவுகளை நிமிர்த்தி நெடுஞ்சாலை போட்டபோது ஒதுங்கிப்போன துண்டுதான் நம் எல்லையில் கிடக்கிறது. நீளம் 12 பர்லாங்கு, அதாவது ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர். பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் மூடியிருந்தது. எஞ்சியதில் ஒரு பகுதியைக் கச்சான் காற்று கொண்டுவந்த மணல் மூடியிருக்கிறது.

தடம் தேடுவது எப்படி என்று பல ஊர் நண்பர்கள் கேட்பதால் அதையும் எழுதுகிறோம். தொடக்கம் வரைபடம். ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட பழைய தாள்களில் ரோட்டின் போக்கு தெரியும்; இராமநாதபுரம் 58 கே வரிசையிலும் மண்டபமும் தீவும் 58 ஓ வரிசையிலும் வரும். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர். ஆகவே திசைக்கு மட்டுமே அது உதவும். நிலத்தில் இறங்க, கிராமத்தின் புல வரைபடமும், ஒவ்வொரு நிலமும் எந்த வகை என்று காட்டும் அ-பதிவேடும் வேண்டும். இரு பக்கமும் பட்டா நிலமாக இருக்க, நடுவில் நீளமாக ஒரு பாதைப் புறம்போக்கு ஓடினால் பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது கம்பி. 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பி, நான்கு அடி நீளம், ஒரு முனை கூராக. ரோட்டுக்குக் குறுக்கே அரை மீட்டருக்கு ஒரு குத்து. மணலில் சத்தமில்லாமல் இறங்கும். கப்பியில் பட்டால் ணங்கென்று நின்று கை அதிரும். இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நம் கரையில் மண்ணுக்கடியில் இயற்கையான சுண்ணாம்புப் பாறையும் முருகைக்கல் என்னும் பவளக் கல்லும் இருக்கின்றன. அதுவும் கம்பியை நிறுத்தும். ஆனால் பாறை ஒரே மட்டத்தில் இராது, பரந்து போய்க்கொண்டே இருக்கும். ரோடு என்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு அடி அகலத்தில் இரு ஓரமும் வெட்டினாற்போல் முடியும். சந்தேகம் வந்தால் ஒரு சாண் தோண்டிப் பார்ப்போம்: ஒரே அளவாக உடைத்த கல்லும் இடையில் சிவப்புச் சரளையும் இருந்தால் கப்பி ரோடு. முருகைக்கல் தட்டுப்பட்டால் யாரும் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. பவளம் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நினைவுப் பொருளாக வைத்திருந்தாலும் வழக்குதான்.

இந்த ரோடு ஏன் இவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. கப்பியைப் பரப்பி, உருளை ஓட்டி, சரளை தூவி, தண்ணீர் விட்டு மறுபடி உருட்டுவார்கள். அந்தத் தூளும் ஈரமும்தான் கல்லைப் பிடித்து வைத்திருக்கும். மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை கல்லை அரைத்துத் தூளாக்கியது. வேகமாக ஓடும் மோட்டார் டயர் அந்தத் தூளை உறிஞ்சிக் கிளப்பிக் காற்றில் விட்டது. தூள் போனதும் கல் கழன்றது. நல்ல கருங்கல் கிடைக்காத கரையில் பழுதுபார்க்க உள்நாட்டிலிருந்து கல் வர வேண்டும். அப்படிப்பட்ட ரோட்டைக் கூடையும் மண்வெட்டியுமாக ஆண்டாண்டுக்கும் சரிசெய்து வைத்திருந்தார்கள் நம் முன்னோர்.

ரோட்டோரத்துப் பழைய மைல் கற்களையும் பர்லாங்குக் கற்களையும் தேடுவது அளவு வேலை. ஒரு மைல் 1,609 மீட்டர். ஒரு பர்லாங்கு 201 மீட்டர். ஒரு கல் நிச்சயமாகக் கிடைத்துவிட்டால் பழைய ரோட்டின் நடுக்கோட்டிலேயே டேப்பைப் பிடித்துப் போக வேண்டும். இப்போதைய பாதையில் அளந்தால் வளைவுக்கு வளைவு பிழை சேர்ந்து, இல்லாத இடத்தில் தோண்டிக்கொண்டிருப்போம். கைப்பேசியின் இடங்காட்டி மரத்தடியில் ஐந்து, பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். அதை நம்பிக் குழி போடக் கூடாது. இப்படி 9 கற்களைக் கண்டிருக்கிறோம். 5 தம் இடத்திலேயே சாய்ந்து கிடக்கின்றன. 4 வீட்டு வாசற்படியாகவும் துவைக்கும் கல்லாகவும் வரப்புக் கல்லாகவும் இருக்கின்றன. மஞ்சள் பூசிக் கும்பிடும் கல்லை நாங்கள் தொட மாட்டோம். எண்ணைப் படமெடுத்துக்கொண்டு வணங்கிவிட்டு வருவோம். மற்றவற்றைத் தர மனமுள்ளவர்களுக்குப் பதிலுக்கு நல்ல படிக்கல் போட்டுத் தருகிறோம்.

இனிக் கணக்கு. கருவேலம் வெட்டக் கூலி 6 பேருக்கு 10 நாள், ஆளுக்கு ரூ.800 வீதம் ரூ.48,000. ஜேசிபி வைத்தால் ஒரே நாளில் முடியுமே என்றார்கள். அதன் பல் ஓரக்கல்லையும் கப்பியையும் சேர்த்து வாரிவிடும். பாலத்துக்குள் வேரோடிய மரத்தை இழுக்கவும் கூடாது. தரைமட்டத்தில் அறுத்து, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ள வேண்டும். வரைபட நகல்களுக்கும், எழும்பூர் ஆவணக் காப்பகம் போய்வரவும் ரூ.26,500. இந்த இரண்டும் முடிந்தன. போக, கையிருப்பு ரூ.2,23,000. அளவைக் கருவி வாடகையும் ஆளும் ரூ.62,000. கல் நடுவது ஒன்றுக்கு ரூ.3,500 வீதம் ஒன்பதுக்கு ரூ.31,500, கும்பிடும் கல் இருந்தால் அதன் தொகை பாலத்துக்குப் போகும். பலகை நான்குக்கு ரூ.44,000. தடத்தின் படத்தோடு சிறு நூல் 500 பிரதி, ரூ.45,000. சாப்பாடு, தண்ணீர், வண்டி ரூ.30,000. எதிர்பாராத செலவு ரூ.30,000.

பாலம் மட்டும் ரூ.1,68,000. பழைய அளவில் தனியாக அறுத்துச் சுட்ட செங்கல் 1,400, ஒன்று ரூ.18 ஆக ரூ.25,200. கிளிஞ்சல் சுண்ணாம்பு, செங்கல்தூள், மணல், கடுக்காய், கருப்பட்டி எல்லாம் சேர்ந்து ரூ.46,800. 2 கொத்தனார், 3 சித்தாள் 20 நாளுக்கு ரூ.96,000. சிமெண்டில் பூசினால் பாதிச் செலவு என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களுக்கு எங்கள் பதில் இது: நம் மண்ணின் ஈரத்தில் உப்பு இருக்கிறது. சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும்; சிமெண்டு விடாது. உப்பு செங்கலுக்குள்ளேயே உறைந்து முகத்தைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். சில ஆண்டில் பூச்சு நிற்கும், பின்னால் செங்கல் இருக்காது. சுண்ணாம்பு, செங்கல்தூள், மணல் சம பங்கு. மணல் ஆற்று மணல், அதையும் நல்ல தண்ணீரில் அலசியது. கடல் மணல் ஒரு கூடைகூடக் கூடாது. கையிருப்பு இருக்கிறதே, பாலத்தை முதலில் தொடங்கலாமே என்றால், தொடங்கிய பிறகு கற்களும் அளவையும் பணமில்லாமல் நிற்கும். வாக்குக் கொடுத்துவிட்டு அப்படி நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தீராது. மீன்பிடித் தடைக்காலத்தில், வருமானமே இல்லாத நாளில், மீனவர் சங்கம் ரூ.40,000 கொண்டுவந்து வைத்தது. ஜமாஅத் ரூ.35,000, கோயில் நிர்வாகம் ரூ.30,000, தேவாலயப் பங்கு மக்கள் ரூ.25,000 தந்தார்கள், எல்லோருக்கும் பொதுவான வழி என்று மூன்று இடத்திலும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைக்கும் பிள்ளைகள் ரூ.1,10,000 அனுப்பினார்கள். மகளிர் குழுக்கள் சிறுகச் சேர்த்து ரூ.12,500. தனி அன்பர்கள் ரூ.45,000, அதில் பத்து ரூபாய் நாணயங்களாகக் கொடுத்த பனைத் தொழிலாளிகளும் உண்டு. வளைவைத் தாங்க மரச்சட்டம் இரவல் தந்த தச்சருக்கும், கூலி வாங்காமல் அளந்து தரும் ஓய்வுபெற்ற நில அளவையருக்கும், வெயிலில் வெட்டியவர்களுக்கு மோர் கொடுத்த வீடுகளுக்கும் கடன்பட்டிருக்கிறோம். சேது நாதன் அவர்கள் குடும்பங்களைக் காக்கட்டும்.

மற்றவர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறோம். இந்த ரோட்டில் கருவாடும் கரியும் ஏற்றி லாரி ஓட்டித் தலையெடுத்த குடும்பங்கள் நம் ஊரில் பல. அவற்றில் சில வீடுகளின் பெயர் இன்னும் நோட்டில் ஏறவில்லை. திருவிழா வாணவேடிக்கைக்கு ஒரே இரவில் லட்சம் போகிறது; அதைக் குறை சொல்லவில்லை, அது சாமி காரியம். சாமியைப் பார்க்க வந்தவர்கள் நடந்த வழியும் சாமி காரியம்தான். தாத்தா ஓட்டிய வண்டியின் படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு, அது ஓடிய பாலத்தைக் கண்மாய்க்குள் விழவிட்டால், நாளை பேரப்பிள்ளை கேட்கும்போது நாம் என்ன பதில் சொல்வோம்?

ஒரு செங்கல் ரூ.18. ஒரு கல் நட ரூ.3,500. பாலத்தில் ஒரு நாள் கூலி ரூ.4,800. எது முடியுமோ அது. பணத்தைப் பொருளாளரிடம் நேரிலோ குழுவின் வங்கிக் கணக்கிலோ செலுத்தி, எண்ணிட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். பணம் இயலாதவர்கள் சாக்கு, மண்வெட்டி, அரை நாள் உழைப்பு தரலாம். சாந்துக்கு நல்ல தண்ணீர் நாளுக்கு 500 லிட்டர் தேவை. டிராக்டர் டேங்கர் வைத்திருப்பவர்கள் தனியாகச் சொல்லுங்கள். வரவு செலவு ஒவ்வொரு ஞாயிறும் சாவடியில் ஒட்டப்படும். ஆகஸ்ட் 31 வரை ஞாயிறு காலை 7 மணிக்குக் குழுவினர் கண்மாய்க் கரையில் இருப்பார்கள். வந்து பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். முழுக்கைச் சட்டையும் செருப்புக்குப் பதில் ஷூவும் அணிந்து வாருங்கள், கருவேல முள் இன்னும் கிடக்கிறது.

இப்படிக்கு,
குழுவினர்