கஞ்சிக்கோடு முதல் கோவை வரை கண்ட்ரோலர் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிறுவனப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கஞ்சிக்கோட்டில் தொடங்கி வாளையார் தாண்டிக் கோவை வரைக்கும் மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் பால் குளிரூட்டும் தொட்டிக்கும் ஐஸ்கிரீம் ஃப்ரீசருக்கும் கண்ட்ரோலர் போர்டு செய்கிறீர்கள். ஒருவருக்கொருவர் போட்டிதான். ஆனாலும் உங்கள் எல்லோருடைய போர்டுக்குள்ளும் ஓடுவது ஒரே சி லைப்ரரி (சி மொழியில் எழுதிய பொது நிரல் திரட்டு). கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து அதைப் பராமரிக்கிறவன் நான். தனித்தனியாகப் போனில் சொன்னபோதெல்லாம் 'பார்க்கலாம் சார்' என்று முடிந்துவிட்டது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீங்கள் விற்கிற ஒவ்வொரு மாடலிலும் ஒரு போர்டு என் மேசைக்கு வர வேண்டும். லைப்ரரியில் நீங்களாகச் செய்துகொண்ட திருத்தங்கள் எனக்குத் திரும்பி வர வேண்டும். இன்னொரு ஆளும் வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன். பணம் கேட்கவில்லை. கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லப் போவதுமில்லை.

'எந்த மெஷினிலும் ஓடும்' என்று கையேட்டில் அச்சடிக்கிறீர்கள். ஓட்டிப் பார்த்த மெஷினில் ஓடும் என்பதுவரைதான் என்னால் உறுதி சொல்ல முடியும். சி மொழியின் சுபாவம் அப்படி. ஒரு பைட் எண்ணை வைக்கும் 'சார்' (char) என்ற டைப் மைனஸ் எண்ணை ஏற்குமா ஏற்காதா என்பதைத் தரநிலையே, நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் கையில் விட்டிருக்கிறது. ஜிசிசி என்ற கம்பைலர், இன்டெல் கம்ப்யூட்டரில் ஏற்கும் என்று வைத்துக்கொள்ளும். ஆர்ம் சிப்பில் ஓடும் லினக்ஸில் ஏற்காது என்று வைத்துக்கொள்ளும். உங்களில் ஒருவருடைய ஃப்ரீசரில் நடந்தது இதுதான். சென்சாரைப் படிக்கும் அந்த ஃபங்ஷன் லைப்ரரிக்கு வந்தது வேறொரு நிறுவனத்திடமிருந்து. அவர்களுடைய ஏவிஆர் சிப்பில் ஒழுங்காகவே ஓடியது. இவர்களுடைய லேப்டாப்பிலும் மைனஸ் 18 என்று சரியாகக் காட்டியது. ஆர்ம் போர்டில் ஏற்றியதும் அதே வெப்பநிலை 238 டிகிரி (256இலிருந்து 18 போக) ஆகிவிட்டது. கண்ட்ரோலர் பாவம், உள்ளே எரிகிறது என்று நினைத்துக் கம்ப்ரசரை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தது.

அந்த ஃப்ரீசர் நிறுவனத்தார் கம்பைலருக்கு ஒரு ஃபிளாக் (கூடுதல் கட்டளை) கொடுத்துச் சரி செய்துவிட்டார்கள், காதும் காதும் வைத்த மாதிரி. அடுத்த கோடையில் அதே சாலையில் இன்னொருவர் ஃப்ரீசர் 238 காட்டியது. எனக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான். திருத்தம் என்ன பெரிய திருத்தம்? 'சார்' என்றிருந்த இடத்தில் 'சைன்டு சார்' என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். முதல் ஆள் ஒரு வரி அனுப்பியிருந்தால் இரண்டாவது ஆளின் ஐஸ்கிரீம் வியாபாரிகள் அந்தக் கோடையில் அப்படித் திட்டியிருக்க மாட்டார்கள்.

சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் என்று பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருந்தும் மணக்கடவில் அளந்துதான் பார்க்கிறோம். நிரலிலும் அப்படித்தான். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையில் ஒரு ஃபங்ஷன் இருப்பதால் மெஷினிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. பில்டு (நிரலைக் கம்பைல் செய்து கட்டுவது) தொடங்கும்போதே ஒரு சின்ன நிரலைக் கம்பைல் செய்து, இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நம் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் செய்வது இதைத்தான். நேரம் பிடிக்கிறது என்று உங்களில் சிலர் அதை வெட்டிவிட்டு, லினக்ஸ் என்றால் எழுத்துச்சரத்தை நகலெடுக்கும் 'ஸ்டிர்எல்காப்பி' (strlcpy) கிடையாது என்று கையால் எழுதிவைத்தீர்கள். பல வருஷம் அது சரியாகவும் இருந்தது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 1998இலேயே கொண்டுவந்த அந்த ஃபங்ஷனை, லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2023இல், 2.38 பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டது. அந்தப் பதிப்புக்கு மாறிய அன்றே உங்கள் பில்டு உடைந்தது, ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் என்று. வெட்டாமல் விட்டிருந்தவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

லைப்ரரியை நகல் எடுத்து வைத்துக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. குனூ திட்டத்தின் க்னூலிப் என்ற நிரல் திரட்டு இயங்குவதே நகல் முறையில்தான். அதைத் தனியாக நிறுவி லிங்க் செய்வதில்லை. கோர்யூடில்ஸ், கிரெப், டார் போன்ற குனூ கருவிகள் எல்லாம் தங்களுக்கு வேண்டிய மாட்யூல்களின் மூல நிரலையே இழுத்துத் தங்களோடு வைத்துக்கொள்கின்றன. சொந்தமாக ஒரு மாற்றம் தேவைப்பட்டால் இழுத்த நகலில் கைவைக்க வேண்டியதில்லை. மாற்றத்தை, மாறிய வரிகளை மட்டும் சொல்லும் தனி டிஃப் கோப்பாக வைத்துவிட்டால், புதிதாக இழுக்கும்போது க்னூலிப் கருவியே அதை மேலே ஒட்டிக்கொடுக்கும். எது மூலம், எது நம் ஒட்டு என்று எப்போதும் தெரியும். இந்த வசதியை நம் ஸ்கிரிப்டிலும் செய்து வைத்திருக்கிறேன். யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

ஜிசிசி 15 தானாகவே சி மொழியின் புதிய தரநிலையான சி23க்குப் போய்விட்டதால், 'பூல்' (ஆம்/இல்லை டைப்) என்பதைச் சொந்தமாக டைப்டெஃப் செய்த (தாமே வரையறுத்துக்கொண்ட) பழைய நகல்கள் இனி கம்பைலே ஆகாது. அது பரவாயில்லை, கத்திச் சொல்லிவிடும். கத்தாமல் கெடுப்பதுதான் பயம். நேரத்தை 32 பிட்டில் எண்ணும் போர்டுகளுக்கு 2038 ஜனவரி 19ஆம் தேதி, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு எண் தீர்ந்துவிடும். அடுத்த விநாடி 1901. இன்றைக்கு எருத்தேம்பதியில் ஒரு தென்னந்தோப்பில் மாட்டுகிற பம்ப்செட் டைமர் அன்றைக்கும் அதே சுவரில் இருக்கும். ஓடுகிற ஸ்டார்ட்டரை எந்த விவசாயியும் கழற்ற மாட்டார். ஜிலிப்சி 2021இல் 2.34 பதிப்பில் நேரத்தை 64 பிட்டில் எண்ண வழி திறந்துவிட்டது. ஆனால் 32 பிட் போர்டில் கம்பைல் செய்யும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும். லைப்ரரியை எப்போதோ கம்பைல் செய்து அந்தக் கோப்பையே வருஷக்கணக்கில் வைத்திருக்கிறவர்கள், புது நிரலை மட்டும் 64 பிட் நேரத்தோடு கம்பைல் செய்தால், இரண்டுக்கும் நடுவே போகிற ஸ்ட்ரக்சரின் (தரவுக் கட்டின்) அளவு ஒத்துப்போகாது. லிங்க் ஆகும், எச்சரிக்கையும் வராது, தோப்பில் போய்த்தான் தப்பும். எல்லோரும் ஒரே பதிப்பில் சேர்ந்து மாறினால்தான் உண்டு. இப்போதோ யாரிடம் எந்த நகல் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அப்புறம் அந்த ஆள் விஷயம். 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவிக்குள் பின்கதவு வைத்தது வெளியே வந்தது. ஊதியமில்லாமல் ஏறக்குறைய தனியாகப் பராமரித்து ஓய்ந்துபோனவருக்கு, உதவ வந்தவராக நடித்து நம்பிக்கை சம்பாதித்தவரின் வேலை. க்னூலிப்பிலிருந்து எடுத்த கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்க உதவும் ஒரு எம்4 கோப்பைத் திருத்தி, நிரல் மாற்றங்கள் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் காட்டாமல் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் வைத்திருந்தார்கள். லாகின் அரை விநாடி தாமதமாவதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியரால்தான் அது பிடிபட்டது. நம் லைப்ரரிக்கு அவ்வளவு பெரிய எதிரி வரப்போவதில்லை என்று சிரிக்கலாம். நான் கவலைப்படுவது அதைவிடச் சாதாரணமான விஷயத்துக்கு: நான் வெளியிடும் தொகுப்பை இன்றைக்கு இரண்டாவது ஆள் யாரும் திறந்து பார்ப்பதில்லை. உங்களில் இரண்டு நிறுவனம் சேர்ந்து ஒரு இன்ஜினியரை மாதத்துக்கு ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் போதும். கிட்டில் உள்ளதும் தொகுப்பில் உள்ளதும் ஒன்றா என்று அவர் பார்க்கட்டும், எனக்குக் காய்ச்சல் வந்தால் வெளியீடும் செய்யட்டும். புதிதாகச் சேர்ந்த பையனை அனுப்பாதீர்கள். உங்கள் போர்டு ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தவர் வேண்டும்.

போர்டு கொண்டுவருகிறவர்கள் கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாக வந்தால் சுலபம். அடாப்டரும் சீரியல் கேபிளும் சேர்த்துக் கொடுங்கள், எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்று ஒரு துண்டுச் சீட்டும். விலைக்குப் போகாத, மூலை உடைந்த போர்டாக இருந்தாலும் சரி, ஓடினால் போதும்.

இப்படிக்கு,
லைப்ரரியைப் பராமரிப்பவன்,
கொழிஞ்சாம்பாறை