பர்மாக்கார அம்மாவின் மகள் எழுதும் நன்றி மடல்

காரைக்குடி, கோட்டையூர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் போன புதன்கிழமை முடிந்தது. பந்தல் போட்டவர்கள், பாயும் நாற்காலியும் தூக்கி வந்தவர்கள், ராத்திரி முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் முதலில் கும்பிடு. மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஒரு வீட்டிலிருந்து இட்லி, ஒரு வீட்டிலிருந்து ரசம் சோறு என்று வந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்கு 92 வயது. கல்யாணச் சாவு என்று தேற்றினீர்கள். எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

கடைசி மாதங்களில் அம்மா படுத்துக்கொண்டே சிலரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவுகளுக்கெல்லாம் நான் ஒரு வார்த்தை சொல்லவே இல்லடி" என்பார். அந்த வார்த்தையைச் சொல்லத்தான் இந்த மடல். அவர்களில் பலர் இன்று இல்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறீர்கள், படித்துப் பாருங்கள்.

எங்களுக்கு ஊர் பர்மாவில் மோல்மீன். அப்பா அங்கே சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருடம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்பாவின் சேமிப்பு முழுவதும் ஒரு பிஸ்கட் டின்னில் நூறு கியாட் நோட்டாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் ரங்கூனில் கப்பல் ஏறினோம். சோதனையில் அம்மாவின் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். அப்புறம் தாலியில் இருந்த பொன்னையும். மஞ்சள் துண்டு கட்டிய கயிற்றோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார். அப்போது எனக்கு 9 வயது, தம்பி இடுப்புக் குழந்தை.

காகிதத்தில் எங்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அப்பா பிறந்ததே பர்மாவில்தான். தாயகம் என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு செட்டியார் வீட்டு விலாசம், அதாவது அவர்கள் கடைக்குப் பெயராக இருந்த மூன்று எழுத்து. என் தாத்தா மோல்மீனில் இருந்த அந்தச் செட்டியார் கடைக்குச் சமையலாளாகக் கப்பல் ஏறியவர். அந்த மூன்று எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு விசாரித்து விசாரித்துக் கோட்டையூருக்கு வந்து சேர்ந்தோம்.

அந்தச் செட்டியார் வீட்டு முகப்பில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தூக்கு. வெள்ளைச் சேலையில் அந்த வீட்டு ஆச்சி வந்தார். தாத்தா பெயரைச் சொன்னதும், "மோல்மீன்ல நம்ம கடை இன்னும் நிக்கிதா?" என்று கேட்டார். அப்பா பொய் சொல்லவில்லை. கட்டடம் இருக்கிறது, வாசலில் வேறு பலகை தொங்குகிறது என்றார். ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டு நிலம் நீச்செல்லாம் பர்மா சுதந்திரம் அடைந்த கையோடு 1948 சட்டத்தில் போய்விட்டது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "சரி, பிள்ளைக மொகம் வாடிக் கெடக்கு. உள்ள கூட்டிக்கிட்டு வாத்தா" என்றார் அம்மாவைப் பார்த்து.

வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் அறை கொடுத்தார். வாடகை கேட்கவில்லை. அம்மா அடுப்படியில் கூடமாட வேலை செய்தார். தங்க இடம் கொடுத்ததற்கு அது சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் பலகாரத்தோடு கவுணி அரிசி வைத்தார்கள். கறுத்த அரிசி, சர்க்கரை, தேங்காய்ப்பூ. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு "கௌக்ஞின்" என்றார். பர்மாவில் ஒட்டரிசிக்கு அதுதான் பெயர். அங்கிருந்து செட்டியார்கள் கொண்டுவந்த அரிசி என்று எல்லோரும் சொல்வார்கள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படி அழுதார். ஆச்சி பட்டாலையில் இருந்த தேக்குத் தூணைக் காட்டி, "இதுவும் அங்கேருந்து கப்பல்ல வந்ததுதான். அழுகாம சாப்பிடு" என்றார். அதற்கப்புறம் அம்மா அந்தத் தூணைத் தினமும் தானே துடைப்பார், வேறு யாரையும் விடமாட்டார்.

22 மாதம் அங்கே இருந்தோம். காரைக்குடியில் தனியாகக் கடை போடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளப் போன அன்று ஆச்சி கணக்கு நோட்டை எடுத்தார். பிள்ளையார் சுழி போட்டு, அம்மா பெயரில் தனிப் பக்கம். மாதம் 10 ரூபாய் என்று ஒரு மாதம் விடாமல் வரவு வைத்திருந்தார். எனக்குக் காய்ச்சல் வந்து மருந்து வாங்கிய காசைப் பற்றில் எழுதவே இல்லை. 220 ரூபாயை எண்ணி அம்மா கையில் வைத்து, "இது ஒன் காசுத்தா. நான் குடுத்ததுன்னு யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

ஆச்சி, நீங்கள் சொன்னபடி அம்மா கடைசிவரை வெளியே சொல்லவில்லை. இன்று நான் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மார்க்கெட்டில் காய்கறி விற்ற அக்கா. தன் கடை ஓரத்தில் ஒரு சாக்கு விரிக்கிற அளவு இடம் விட்டார். அம்மா அங்கே மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து மொய்ங்கா, அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வகைகளைப் போட்டார். முதல் வாரம் யாரும் சாப்பிடவில்லை. அதில் என்ன கறி போடுகிறார்களோ என்று பேச்சு வேறு. அந்த அக்கா ஒரு நாள் வியாபாரம் சூடாக இருக்கும் நேரம் பார்த்து, மொய்ங்காக் கிண்ணத்தை வாங்கி நடுத்தெருவில் நின்று குடித்தார். வாழைத்தண்டும் மீனும் கடலை மாவும் கரைத்த குழம்பு, அடியில் அரிசி சேமியா. "நல்லாத்தான்யா இருக்கு, இன்னொரு கிண்ணம் ஊத்து" என்று சத்தமாகச் சொன்னார். மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். வாழைத்தண்டுக்கு அவர் ஒரு நாளும் காசு வாங்கியதில்லை.

தொழில் கடனுக்காக ஓர் அலுவலகத்தில் அப்பாவை ஒன்பது முறை அலையவிட்டார்கள். வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒன்பது முறையும் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

என் ஆசிரியை. பத்து வயதில் என்னை இரண்டாம் வகுப்பில்தான் சேர்த்தார்கள். தமிழ் பேசுவேன், எழுத வராது. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, "உனக்குத் தெரிஞ்ச எழுத்த எழுதும்மா" என்றார். வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்தில் என் பெயரை எழுதினேன். அன்று சாயங்காலம் வகுப்பே தன் பெயரை அப்படி எழுதித் தரச்சொல்லி என்னைச் சுற்றி நின்றது. பின்னாளில் அஞ்சலகத்தில் 34 வருடம் வேலை பார்த்தேன். டீச்சர் வீட்டுக்கு வரும் கடிதத்தை முடிந்தவரை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக, அம்மாவை எட்டு மாதம் கவனித்துக்கொண்ட தங்கச்சிக்கு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் 1990-இல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் ராமேசுவரம் வந்தவர்கள். அகதி முகாமில் பிறந்து வளர்ந்து நர்சிங் படித்தவள். "அம்மா, என்ன யோசிக்கிறியள்?" என்று அவள் கேட்டால்தான் அம்மா வாய் திறப்பார். மோல்மீன் கதைகளை என்னைவிட அவள்தான் அதிகம் கேட்டிருக்கிறாள். எங்களை அழைத்துவர இந்திய அரசு கப்பல் அனுப்பியது. கடன் கொடுத்தது, இந்த நாட்டுக்காரர்கள் என்று ஏற்றுக்கொண்டது. இங்கேயே பிறந்த அவளுக்கு இன்னும் குடியுரிமை இல்லை. இது எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும். யார் கையெழுத்து கேட்டாலும் என் கையெழுத்து முதலில் இருக்கும். தங்கச்சி, எங்கள் வீட்டு வாசல் உனக்கு எப்போதும் திறந்திருக்கும்.

காரியத்தன்று ஆச்சியின் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஒரு பை நிறையக் கவுணி அரிசி கொண்டுவந்து அம்மா படத்துக்கு முன்னால் வைத்தார். அவரிடம் அப்போது என்னால் பேச முடியவில்லை. நன்றி, தம்பி.

அம்மாவின் கடையை வரும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குத் திறக்கிறோம். இனி தம்பி மகன்தான் பார்த்துக்கொள்வான். வாழைத்தண்டு அந்த அக்காவின் பேத்தி கடையிலிருந்துதான் வருகிறது, இப்போது காசு கொடுத்து வாங்குகிறோம். எல்லோரும் வாருங்கள்.

அன்புடன்,
பர்மாக்கார அம்மாவின் மகள்
பர்மா காலனி, காரைக்குடி