வெளிச்சத்தைக் குறைத்தால் கண் ஏன் வலிக்கிறது? நண்பருக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்,
18.1.2026

அன்பு நண்பர் சிதம்பரநாதன் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. பேத்திக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எங்கள் வாழ்த்துகளைத் தெரிவியுங்கள். இங்கே குளிர் இன்னும் விடவில்லை என்பதையும், என் முழங்கால் அதை நாள்தோறும் நினைவூட்டுகிறது என்பதையும் தவிர, சொல்லத்தக்க குறை எதுவும் இல்லை.

கடிதத்தின் பிற்பகுதியில் நீங்கள் எழுதியிருந்த கண் உபாதையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். மகன் வாங்கிக் கொடுத்த புதிய கைபேசியில் இரவு அரைமணி நேரம் படித்தாலே கண்ணுக்குப் பின்புறம் வலிப்பதாகவும், நெற்றி கனத்துச் சில நாள் குமட்டல்கூட வருவதாகவும், பழைய கைபேசியிலோ வீட்டிலிருக்கும் டேப்லெட்டிலோ இந்தத் தொல்லை இருந்ததே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கண் மருத்துவர் அழுத்தம் பார்த்து, கண்ணாடியின் பவரைச் சரிபார்த்து, கோளாறு ஒன்றுமில்லை என்று கூறி, வறட்சிக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார். வீட்டார் வயதைக் காரணம் காட்டுகிறார்கள். வயதுதான் காரணம் என்றால் அது கைபேசிக்குக் கைபேசி வேறுபாடு பார்க்காது. இவை எல்லாவற்றையும்விட, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை யோசிக்க வைத்தது. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையின் வெளிச்சத்தை மிகவும் குறைத்து வைத்த பிறகு, வலி குறையாமல் கூடிவிட்டது என்கிறீர்கள். மில்லிலும் பட்டறைகளிலும் மின் பராமரிப்பு வேலை பார்த்தே காலம் கழித்தவனுக்கு அந்த ஒரு வரி போதும்.

நீங்கள் குறிப்பிட்ட மாடலைப் பார்த்தேன். அதன் திரை ஓஎல்இடி வகை. உங்களுடைய பழைய கைபேசியும் டேப்லெட்டும் எல்சிடி வகை. எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எரிய, முன்னால் உள்ள படலம் அந்த ஒளியை மறைத்தும் விட்டும் படத்தைக் காட்டுகிறது. ஓஎல்இடி திரையில் பின்விளக்கு என்பதே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. இந்தப் புள்ளிகளுக்குப் போகும் மின்னோட்டத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்கினால் நிறம் பிறழ்கிறது, திரை திட்டுத்திட்டாகத் தெரிகிறது. ஆகவே பல நிறுவனங்கள் மின்னோட்டத்தைக் குறைக்காமல், புள்ளிகளை நொடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்து எரிய விடுகின்றன. குழாயைச் சிறிதாகத் திறந்து நூல்போலத் தண்ணீர் விடாமல், முழுவதும் திறப்பதும் உடனே மூடுவதுமாக இருந்து, குடம் நிறைகிற நேரத்தை மட்டும் அதே கணக்கில் வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. பிடபிள்யூஎம் என்று இதற்குப் பெயர். வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் புள்ளிகள் அணைந்திருக்கும் நேரம் மிகச் சிறிது. குறைக்கக் குறைக்க அந்த இருட்டு நேரம் நீண்டுகொண்டே போய், கடைசி அளவில், ஒவ்வொரு சுற்றிலும் எரியும் நேரத்தைவிட இருண்டிருக்கும் நேரம் பல மடங்காகிவிடுகிறது. இதமாக இருக்கட்டும் என்று நீங்கள் செய்ததுதான் சிமிட்டலை அதன் உச்சத்துக்குக் கொண்டு போயிருக்கிறது.

சினிமா ஆப்பரேட்டர் அறையில் இத்தனை காலம் இருந்த உங்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும், அதை அப்படியே திரையில் விட்டால் படம் துடிக்கும் என்பதால், புரொஜெக்டர் ஷட்டருக்கு இரண்டு இறக்கை வைத்து ஒவ்வொரு ஃபிரேமையும் இரு தடவை காட்டி அதை 48 ஆக்கினார்கள். மூன்று இறக்கை ஷட்டரில் அது 72. இருட்டு அரங்கில் சுமாரான வெளிச்சத்துக்கு அது போதுமானதாக இருந்தது. வெளிச்சம் ஏற ஏறக் கண் இன்னும் வேகமான துடிப்பையும் பிரித்தறியும், அதிலும் ஓரக்கண் கூடுதலாக அறியும். பழைய பிக்சர் டியூப் கணினித் திரைகள் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை என்ற வேகத்தில், ஓடியபோது ஓரக்கண்ணில் துடித்ததும், 75க்கும் 85க்கும் ஏற்றிய பிறகு அடங்கியதும் அதனால்தான். கைபேசி செய்தவர்கள் திரை நொடிக்கு 240 முறை துடிக்கும் என்ற எண்ணைப் பார்த்து, சினிமாவைப் போல ஐந்து மடங்கு இருக்கிறதே, இதை யார் காணப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஓஎல்இடி கைபேசியான, 2017இல் வந்த ஐபோன் டென், ஏறக்குறைய அந்த அளவில்தான் துடித்தது; சாம்சங்கின் உயர்விலைக் கைபேசிகள் பலவும் நெடுங்காலம் அதை ஒட்டியே இருந்தன.

கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் துடிப்பு ஒன்றும் செய்யாது என்று நினைப்பதைப் பட்டறையில் வேலை பார்த்த எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக்கு போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பளிச்சிடும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் லேத்தின் சக், அதாவது இரும்பைப் பிடித்துச் சுழலும் தலை, குறிப்பிட்ட சில வேகங்களில் சுழலும்போது, அது நின்றுவிட்டதாகவோ பின்னோக்கி மெல்லச் சுற்றுவதாகவோ தெரியும். நின்றுவிட்டது என்று நம்பிக் கையை நீட்டுகிறவனுக்கு என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதற்காகவே அடுத்தடுத்த டியூப்களை வெவ்வேறு ஃபேஸில் இணைப்போம். ஒன்று மங்கும் நேரத்தில் மற்றொன்று எரியும். சில பட்டறைகளில் லேத்துக்கு மேலே ஒரு குண்டு பல்பையும் தொங்க விடுவதுண்டு. அதன் இழை ஆறுவதற்குள் அடுத்த சுற்று வந்து சூடாக்கிவிடும் என்பதால் அதில் இந்தத் துடிப்பு மிகவும் குறைவு.

அதே டியூப்லைட் மேசையில் உட்கார்ந்து படிப்பவர்களை என்ன செய்கிறது என்பதை, பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸ் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சோதித்து 1989இல் வெளியிட்டார்கள். ஓர் அலுவலகத்தில், ஊழியர்களுக்கு எது எப்போது என்று தெரியாதபடி, சில காலம் நொடிக்கு 100 முறை துடிக்கும் விளக்குகளையும் சில காலம் 32,000 ஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் மின்னணுச் சோக்கு பொருத்திய விளக்குகளையும் மாற்றி மாற்றி எரியவிட்டு, தலைவலியும் கண் சோர்வும் வருவதைக் குறித்து வரச் செய்தார்கள். இரண்டாவது வகை விளக்கில் அவை சராசரியில் பாதிக்கும் கீழே இறங்கின. கட்டடத்தின் மேல்தளங்களில், பகல் வெளிச்சம் தாராளமாக வரும் அறைகளில் இருந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக இருந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அது 100, இது 240 ஆயிற்றே என்று நீங்கள் கேட்பீர்கள், கேள்வி நியாயமானது. இங்கேதான் படிப்பது என்ற செயலைக் கணக்கில் கொள்ள வேண்டும். நாம் படிக்கும்போது கண் வரியின் மேல் சீராக நகர்வதில்லை. சில எழுத்துகளைத் தாண்டித் தாண்டித் தாவிச் செல்கிறது. துடிக்கும் ஒளி, தாவுகிற கண்ணின் மேல் கோடாக விழாமல் தனித்தனிப் புள்ளிகளாக விழுகிறது. இரவுப் பேருந்தில் போகும்போது, முன்னால் செல்லும் காரின் எல்இடி வால்விளக்கிலிருந்து கண்ணைச் சட்டென்று திருப்பினால் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக ஓடுவதை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். அசையாத கண்ணுக்குப் புலப்படாத துடிப்பு, தாவுகிற கண்ணுக்கு 1,000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் புலப்படுகிறது என்று அதே வில்கின்ஸ் 2013இல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை சொல்கிறது. 240 அதில் கால்பங்குகூட இல்லை.

மின்பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ, எல்இடி விளக்குகளுக்காக 1789 என்ற எண்ணுள்ள பரிந்துரையை 2015இல் வெளியிட்டது. துடிப்பு எவ்வளவு மெதுவாக இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒளியின் ஏற்ற இறக்கமும் சிறிதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன் கணக்குப்படி 240 ஹெர்ட்ஸில் ஏற்ற இறக்கம் சுமார் 19 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அபாயம் குறைவு. 1,250 ஹெர்ட்ஸைத் தாண்டினால் முழுவதும் அணைந்து எரிந்தாலும் அபாயம் குறைவு. ஏறக்குறைய 3,000ஐத் தாண்டிவிட்டால் பாதிப்பே இராது என்று கொள்ளலாம். வெளிச்சம் குறைக்கப்பட்ட ஓஎல்இடி திரைகள் பலவும் முழுவதுமாக அணைந்தே எரிகின்றன. இந்தப் பரிந்துரை அறை விளக்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது உண்மைதான். ஆனாலும் சுவரில் இருக்கும் விளக்கை நாம் வெறித்துப் பார்ப்பதில்லை, கைபேசியைப் பார்ப்பதுதான் வேலையே என்பதால், கைபேசிக்கு இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்பது என் எண்ணம்.

நிறுவனங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. சியோமி, ஒன்பிளஸ் போன்றவை 2019 வாக்கிலேயே, மின்னோட்டத்தைக் குறைத்து மங்கலாக்கும் டிசி டிம்மிங் என்ற தெரிவைச் சில கைபேசிகளில் கொடுத்தன. 2023இல் இந்தியாவுக்கு வந்த ஹானர் 90 துடிப்பை 3,840 ஹெர்ட்ஸுக்கு ஏற்றியது. ஆப்பிள்கூட 2025இல் வந்த ஐபோன் 17 வரிசையில் இந்தத் துடிப்பை நிறுத்தி வைக்க ஒரு பொத்தானைக் கொடுத்திருக்கிறது. எனக்குள்ள கோபமெல்லாம் பெட்டியின் மேல் அச்சிடும் எண்ணைப் பற்றித்தான். 120 ஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அது படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. விரலால் தள்ளும்போது வழவழப்பாக ஓடுவதற்கு உதவும், அவ்வளவுதான். எத்தனை முறை அணைந்து எரிகிறது என்ற எண்ணைப் பெரும்பாலான பெட்டிகளில் தேடினாலும் கிடைக்காது. குண்டூசி அளவு கேமராவுக்குக்கூடத் தனி வரி ஒதுக்குபவர்கள் இதற்கும் ஒரு வரி ஒதுக்கினால் என்ன?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, புதிய கைபேசியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். மகனுடைய கைபேசியில் கேமராவை ‘புரோ’ நிலைக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை 2,000இல் ஒரு பங்கு நொடி அல்லது அதற்கும் வேகமாக வைத்து, அதன் வழியே உங்கள் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புப் பட்டைகள் தெரிந்தால் அது துடிப்பு. அகலமான, கன்னங்கரிய பட்டைகள் என்றால் மெதுவான, ஆழமான துடிப்பு. நெருக்கமான, மெல்லிய கோடுகள் என்றால் வேகமானது, அதனால் தொல்லை குறைவு. பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பட்டைகள் ஒடுங்குவதையும் பார்க்கலாம். கேமராவில் அந்த வசதி இல்லையென்றால், இருட்டில் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக விசிறிப் பாருங்கள். ஒரே நிழலாகத் தெரியாமல் பல பென்சில்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அதுவும் அதே பொருள்தான். டேப்லெட்டையும் சோதியுங்கள். எல்சிடி என்றாலே துடிக்காது என்று சொல்ல முடியாது; பின்விளக்கை இதே முறையில் மங்கலாக்கும் மலிவுத் திரைகளும் உண்டு.

பட்டைகள் தெரிந்தால், முதலில் அடாப்டிவ் பிரைட்னஸை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அறை இருண்டதும் கைபேசி தானாக வெளிச்சத்தை இறக்கிவிடும். வெளிச்சக் கோட்டைப் பாதிக்கு மேலே வைத்துக்கொண்டு, கண் கூசினால் அக்சஸிபிலிட்டி பகுதியிலுள்ள ‘எக்ஸ்ட்ரா டிம்’ என்ற வசதியைப் போடுங்கள். அது புள்ளிகளை அணைத்து எரிக்காமல், படத்தின் நிறங்களையே கணக்கிட்டு மங்கலாக்குகிறது. மகனுடைய கைபேசி ஐபோன் என்றால் அதே பகுதியில் ‘ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட்’ என்று இருக்கும். அமைப்புகளில் டிசி டிம்மிங் என்றோ ஃப்ளிக்கர் என்றோ ஏதாவது தென்பட்டால் அதையும் போட்டுப் பாருங்கள். அறை விளக்கை எரியவிட்டே படியுங்கள். அந்த எல்இடி பல்பையும் அதே கேமராவால் ஒரு முறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் மலிவான பல்புகளில் பல 100 ஹெர்ட்ஸில் துடிப்பவை. நீண்ட நேரம் படிக்க வேண்டியவற்றைப் பகலில், திண்ணை வெளிச்சத்தில், டேப்லெட்டில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கடைக்காரர் பரிந்துரைத்ததாகச் சொன்ன நீல ஒளித் தடுப்புக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அது துடிப்பைத் தடுக்காது. கணினி வேலையால் வரும் கண் சோர்வுக்கும் அதனால் குறுகிய காலத்தில் பயன் தெரியவில்லை என்று காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2023இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டது. மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வழக்கத்தில் பாதிக்கும் கீழே போய்விடுவதால், கண் வறட்சியும் சேர்ந்தே இருக்கலாம். துடிப்பால் எல்லோருக்கும் வலி வருவதில்லை என்பதும் உண்மை. உங்கள் மகன் அதே கைபேசியை நாள் முழுக்க வைத்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாதிருக்கலாம். அதனால் அவர் உங்களை நம்பவில்லையென்றால் வருத்தப்படாதீர்கள், கேமராவில் தெரியும் பட்டைகளைக் காட்டுங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு வாரத்தில் வலி குறையவில்லை என்றால், புதியதை மகனிடமே கொடுத்துவிட்டுப் பழைய கைபேசிக்கு ஒரு பேட்டரி மாற்றிக்கொள்வதுதான் சிக்கனமான வழி. எதுவானாலும் எடுத்த படத்தை எனக்கு அனுப்பி வையுங்கள். பட்டைகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் பார்த்து, துடிப்பு மெதுவானதா வேகமானதா என்று சொல்ல முயல்கிறேன். வீட்டில் அனைவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்,
பழனிச்சாமி