ரிமாண்ட் நேரத்துக்குத் தயாராகாத சட்ட மாணவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வழியில்லாமல் கிரிமினல் வழக்கில் சிக்கியவர்களுக்காகவே முழுநேரம் வேலை செய்யும் வழக்கறிஞர்களை மாவட்ட அளவில் அமர்த்தும் திட்டத்தைத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-ல் விரிவுபடுத்தியது. தலைமைப் பொறுப்புக்குக் குற்றவியல் வழக்குகளில் 10 ஆண்டு அனுபவமும், துணைத் தலைமைக்கு 7 ஆண்டும் கேட்கிறார்கள். உதவி வழக்கறிஞருக்கு 0 முதல் 3 ஆண்டு போதும். அதாவது பார் கவுன்சிலில் பதிவு செய்த கையோடு ஒருவர் இதில் சேர்ந்துவிடலாம். சேர்ந்த சில நாட்களிலேயே ரிமாண்டுக்கு (கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவு கேட்பது) வந்தவருக்காக மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு நம் சட்டக் கல்லூரிகள் மாணவர்களைத் தயார்ப்படுத்துகின்றனவா என்றால், இல்லை.

பார் கவுன்சிலின் 2008 கல்வி விதிகளின்படி, செய்முறைத் தாளில் மூன்று மாதிரி நீதிமன்ற வாதங்களுக்கு 30 மதிப்பெண். ஒரு சிவில், ஒரு கிரிமினல் வழக்கு விசாரணையைப் பார்த்து எழுதுவதற்கு 30. மாதிரி வாதத்தில் நடந்தது என்ன என்பதை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். மாணவர் சட்டத்தை மட்டும் வாதிட்டால் போதும். விசாரணை நீதிமன்றத்திலோ சண்டையே நடந்தது என்ன என்பதில்தான். மாதிரி வாதப் போட்டியில் கோப்பை வென்றவர்கூட ஒரு மகஜரை (சாட்சிகள் முன் போலீசார் எழுதும் பதிவு) ஒழுங்காகப் படிக்கத் தடுமாறுவது இதனால்தான்.

ரிமாண்டின்போது கட்சிக்காரரிடம் பேசக் கிடைப்பது பல நேரங்களில் வராந்தாவில் ஐந்து நிமிடம். வழக்கின் கதையைக் கேட்டு அதைச் செலவழிக்கக் கூடாது. எப்போது, எங்கே பிடித்தார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும். கைதுக் குறிப்பில் உள்ள நேரத்துக்கும் அவர் சொல்வதற்கும் இடைவெளி இருந்தால், கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அங்கேயே உடையும். கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுத்தார்களா, வீட்டில் யாருக்குச் சொன்னார்கள், உடம்பில் காயம் உண்டா என்பவை அடுத்து. காயம் இருந்தால் அன்றே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பதிவு செய்ய வைக்க வேண்டும். பிறகு சொன்னால் எதிர்த்தரப்பு அதை ஜோடனை என்று தள்ளிவிடும். வயதையும் கேட்காமல் விடக் கூடாது. 18 நிறையாதவராக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் பள்ளிச் சான்றிதழைத் தேட வேண்டும். அவர் போக வேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம். காவலில் இருப்பவரிடம் வருமானச் சான்று கேட்பது இன்னொரு வழக்கமான தவறு. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி காவலில் இருப்பதே இலவச உதவிக்குத் தகுதி.

நாள் கணக்கில் சறுக்குவோர் ஏராளம். பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 187-வது பிரிவுப்படி, குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று கபில் வாத்வான் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023-ல் தெளிவாக்கியது. மார்ச் 1-ல் ரிமாண்ட் என்றால் 60-வது நாள் ஏப்ரல் 29. மனு ஏப்ரல் 30 காலையிலேயே போக வேண்டும். மதியத்துக்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், மனுவே போடாமல் இருந்தவருக்கு அந்த உரிமை போய்விடும். முன்பே போட்டிருந்தால் போகாது என்பதைச் சென்னையிலிருந்து போன எம். ரவீந்திரன் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே தாக்கல் நேரம் மனுவில் பதிவாக வேண்டும். பிணை தரத் தயார் என்ற வாசகமும் மனுவில் இருக்க வேண்டும். இடையில் குற்றப் பிரிவை மாற்றும் அறிக்கை போட்டு 60 நாள் வழக்கை 90 நாள் வழக்காக்கியிருக்கிறார்களா என்று பார்க்காமல் நாள் எண்ணுவதில் பயனில்லை.

குறுக்கு விசாரணையில் பெரிய ஓட்டை, சாட்சி போலீசில் சொன்னதற்கும் நீதிமன்றத்தில் சொல்வதற்கும் உள்ள முரண்பாட்டை நிரூபிக்கும் முறையில் இருக்கிறது. போலீசிடம் சாட்சி கொடுத்த வாக்குமூலம் (பழைய சட்டத்தில் 161-வது பிரிவு, இன்றைய பி.என்.எஸ்.எஸ்.-ல் 180) தானாகச் சாட்சியமாகாது. முரண்படும் வாசகத்தை அப்படியே சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். ‘போலீசில் வேறு மாதிரி சொன்னீர்களே’ என்று பொதுவாகக் கேட்டால் போதாது. அவர் மறுத்தால், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி கூண்டேறும்போது அதே வாசகத்தை அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். இந்த இரண்டாம் பாதிதான் விட்டுப்போகிறது. புலனாய்வு அதிகாரி கடைசிச் சாட்சியாக வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்; கோப்பும் வேறு கைக்குப் போயிருக்கும். வழக்கை இரண்டு மூன்று ஆய்வாளர்கள் விசாரித்திருந்தால், பதிவு செய்தவரை விட்டு வேறொருவரிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவதும் உண்டு. கோப்பின் பின்னட்டையில் சாட்சி எண், வாசகம், பதிவு செய்த அதிகாரி, அவரிடம் கேட்டாயிற்றா என்று நான்கு கட்டம் போட்டு வைத்தால் இது தீர்ந்தது. சாட்சி நீதிமன்றத்தில் புதிதாகச் சேர்க்கும் முக்கியச் செய்திக்கும் இதே முறைதான்; விடுபட்டதும் முரண்பாடாகலாம்.

‘பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல’ என்று பத்து வரி பதிவானால் குறுக்கு விசாரணை முடிந்தது என்ற நினைப்பும் ஒழிய வேண்டும். இப்படித் தம் தரப்புக் கதையைச் சாட்சியிடம் சொல்லி ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்பது யோசனைக் கேள்வி; சாட்சி மறுத்தால் அது எதையும் நிரூபிக்காது. யோசிக்காமல் கேட்டால் கட்சிக்காரரைச் சம்பவ இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியும் விடும். வழக்கறிஞர் வைக்கும் யோசனை கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தலாம் என்று பாலு சுதாம் கல்தே தீர்ப்பு (2023) சொன்னதை இறுதியாண்டு மாணவர் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஜாமீன் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. ஜாமீன்தாரர் இல்லாமல் சிறையிலேயே கிடப்பவர்கள் பலர். உத்தரவு வந்து 7 நாளில் விடுதலையாகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் பிணைப் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றித் தானே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இதற்கான மனு ஒரு பக்கம்தான். மாணவர்களே எழுதிப் பழகலாம்.

மூன்று மாதிரி வாதங்களையும் மேல்முறையீடாகவே வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றை ரிமாண்ட் எதிர்ப்பாகவும், இன்னொன்றை ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணையாகவும் மாற்றலாம். தீர்ப்பாகி மேல்முறையீட்டுக் காலமும் முடிந்த ஒரு வழக்கின் முதல் தகவல் அறிக்கை, மகஜர், வாக்குமூலங்கள், சாட்சியப் பதிவு ஆகியவற்றின் நகல்களை வாங்கி, சாட்சியப் பதிவை மட்டும் மறைத்து வைத்துவிட்டு, மாணவர்களைக் கேள்வி எழுதச் சொல்ல வேண்டும். பிறகு உண்மையில் கேட்கப்பட்ட கேள்விகளோடு ஒப்பிடச் செய்யலாம். பெயர், முகவரிகளை அடித்த பிறகே நகல்கள் வகுப்புக்குள் வர வேண்டும். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்குக் கோப்புகள் இந்தப் பயிற்சிக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர்