அப்புவின் கொப்பியை வெளியே எடு

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது. மனிசியின் முழங்கால் பழையபடிதான். பேத்தி நடக்கத் தொடங்கி வீட்டில் ஒரு சாமானையும் மிச்சம் வைக்கவில்லை. மற்ற விசாரிப்புகளைப் போனில் வைத்துக்கொள்வோம். இந்த விசயத்தை மட்டும் போனில் சொல்ல முடியாது. நான் இரண்டாவது வசனத்தைத் தொடங்க முதல் நீ மொட்டைக் குலத்தின் காணி வழக்கை இழுத்துவிடுவாய். கடிதத்துக்குள் நீ குறுக்கே கதைக்க முடியாது, இருந்து வாசி.

என் அறுபதாவது வயதுக்குப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பரிசு தந்தார்கள். ஏரோ என்ற தீவில், வயது வந்தோருக்கு மட்டுமான ஒரு ஹோட்டலில் எனக்கும் மனிசிக்கும் தங்கல். உடனே உனக்கு றீகல் தியேட்டரும், அந்த மாதிரிப் படத்துக்குள் நுழைய மையால் கீறிய மீசையும் ஞாபகத்துக்கு வரும், தெரியும். அது இல்லை மச்சான். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது, சத்தம் போடக் கூடாது, அவ்வளவுதான். அதற்குக் காசும் கூட.

ஏரோ டென்மார்க்கின் தெற்கில், ஃபியூன் தீவுக்குக் கீழே கிடக்கிறது. முப்பது கிலோமீட்டர் நீளம் வரும். சனம் சுமார் 6,000. பாலம் கிடையாது, கப்பலில்தான் போக வேண்டும். நாங்கள் ஜட்லாந்துப் பக்கத்தில் இருந்து போகிறபடியால் ஆல்ஸ் தீவின் ஃபின்ஸ்ஹவ் துறையில் காரை ஏற்றி ஸோபியில் இறங்கினோம். அங்கே ஓடுவது எலன் என்கிற மின்சாரக் கப்பல். 2019 இல் ஓடத் தொடங்கியது. 4.3 மெகாவாட்-மணி பற்றறி. 2022 இல் ஒரே சார்ஜில் 92 கிலோமீட்டர் ஓடிக் காட்டியது. நான் எத்தனை வருசம் ஃபாக்டரியில் மோட்டர் கழற்றிப் பூட்டினவன் என்று உனக்குத் தெரியும்தானே? கப்பல் துறையை விட்டுக் கிளம்பிவிட்டது என்பதையே கரை தள்ளிப் போவதைப் பார்த்துத்தான் அறிந்தேன். டீசல் மணம் இல்லை, காலுக்குக் கீழே அதிர்வு இல்லை. மனிசி தேத்தண்ணியோடு யன்னலுக்குப் பக்கத்தில் இருக்க, நான் பற்றறி அறையைக் காட்டச் சொல்லி மாலுமியிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன். காட்டவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒன்று மனதில் கொழுவிக்கொண்டது. அந்தக் கப்பலைக் கட்டி முடித்தது தீவின் ஸோபி துறையிலேயே உள்ள கப்பல் தளத்தில்தானாம். ஆறாயிரம் சனம் உள்ள தீவு இன்றைக்கும் கப்பல் கட்டுகிறது. இதை மனதில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

ஹோட்டல் தீவின் ஏரோஸ்கோபிங் என்ற ஊரில். பழைய வணிகர் வீடு ஒன்றைத் திருத்தி எடுத்திருக்கிறார்கள். வாசல் உயரம் குறைவு, நான் தலையை இடித்தேன், மனிசி சிரித்தாள், வரவேற்ற பெண்மணி சிரிக்கவில்லை. அறையில் தொலைக்காட்சி இல்லை. மரத் தரையில் நடந்தால் மூன்றாவது அறை வரைக்கும் கேட்கும். காலைச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் செத்த வீட்டில் கதைப்பது போல வாய்க்குள் கதைக்கிறார்கள். அவித்த முட்டைக்குப் பின்னல் தொப்பி போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஸ்கார்பரோவில் இருந்து கிளி அக்கா போன் எடுத்தா. அவவின் ‘ஹலோ’ உனக்குத் தெரியாததா? ரொறன்ரோவில் இருந்து போன் இல்லாமலே கேட்கும். முழு மேசையும் திரும்பிப் பார்த்தது. மனிசி போனைச் சேலைத் தலைப்புக்குள் அமுக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள், முழங்கால் நோவெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

முதல் நாள் எனக்கு விசர் பிடித்தது. பிள்ளைகள் இல்லாத சத்தம் என்ன சத்தம்? எங்கள் ஆட்களின் கலியாண வீட்டில் மேளச் சத்தத்தை விடப் பிள்ளைகளின் சத்தம்தான் கூட. வீட்டிலும் பேத்தி அழுதால்தான் எனக்கு நித்திரை வரும் என்ற நிலைமை. வேறொரு கேள்வியும் வந்தது. இந்த மாதிரித் தீவுகளில் இளம் குடும்பங்கள் இல்லாமல்தான் பள்ளிக்கூடங்களை எப்படி நடத்துவது என்று யோசிக்கிறார்கள். அங்கே வந்து பிள்ளைகள் வேண்டாம் என்று ஒரு ஹோட்டல் நடத்துகிறார்கள். மனிசியிடம் சொன்னேன். ‘வாயை மூடிக்கொண்டு கடலைப் பாருங்கோ’ என்றாள். பார்த்தேன். கரை முழுக்கச் சின்னச் சின்ன நிறம் பூசிய குளிப்புக் குடிசைகள், கதவளவு அகலம் கூட இல்லை, தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். கிழவிகள் காலையிலேயே இறங்கி நீந்துகிறார்கள். நீச்சல் வீரன் ஆழிக்குமரன் ஆனந்தனின் ஊரான வல்வெட்டித்துறைக்காரன் நான் முழங்கால் அளவோடு திரும்பி வந்தேன். இதை எங்கள் கூட்டாளி சுறாவுக்குச் சொல்லிவிடாதே.

அந்த ஊரில் யன்னல்களைப் பார்த்து நடப்பதே ஒரு பொழுதுபோக்கு. வாசல்களில் ஆளுயரத்துக்குப் பூச்செடி. யன்னலுக்குள் சோடியாக வெள்ளைப் பீங்கான் நாய்கள். கடலோடிகள் இங்கிலாந்தில் இருந்து கொண்டுவந்தவையாம். புருசன் கடலில் என்றால் நாய் வெளியே பார்க்கும், வீட்டில் என்றால் உள்ளே பார்க்கும் என்று ஒரு கதை சொல்கிறார்கள். மனிசி நின்று பார்த்துவிட்டு, ‘எங்கட ஆச்சிமாருக்கு நாய் எதற்கு? யாருடைய புருசன் பர்மாவின் அக்கியாப்பில் இருந்து வந்திறங்கினான் என்று ஊருக்குச் சொல்லக் கிளி அக்காவின் தாய் இருந்தாவே’ என்றாள்.

சரி, இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

அடுத்த நாள் மார்ஸ்டலுக்குப் போனோம். தீவின் கிழக்கு முனை. பஸ்ஸுக்குக் காசு இல்லை, தீவு முழுக்க இலவசம். மார்ஸ்டலில் இன்றைக்கு இருப்பது ஏறக்குறைய 2,000 பேர். ஆனால் 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சின்ன ஊரின் பெயரில் 300க்கும் மேற்பட்ட பாய்க்கப்பல்கள் பதிவில் இருந்தன. கொப்பன்ஹேகன் மாதிரி ஒரு தலைநகருக்குப் பக்கத்தில் வைத்து எண்ணக்கூடிய கணக்கு. கரையில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் அணை. அரசாங்கம் கட்டிக் கொடுத்ததென்று நினையாதே. 1825 இல் தொடங்கி, ஊர்க் கப்பல்காரர்களே குளிர்காலத்தில் கடல் உறையும்போது கல்லைப் பனியின் மேல் இழுத்துக்கொண்டுவந்து போட்டுக் கட்டினார்கள். எங்கள் ரேவடிக் கடற்கரையில் ஆளுக்கு ஒரு கல் என்று போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அதன் மேல் நடந்தேன். மேல்காற்று அடித்தது. ஊரில் அந்தக் காற்றுக்குச் சொல்கிற கச்சான் என்ற பெயர்தான் வாயில் வந்தது.

மார்ஸ்டல் ஸ்கூனர்கள் எங்கே போயின தெரியுமா? நியூஃபவுண்ட்லாந்துக்கு. உப்பிட்ட கொட் மீனை ஏற்றிக்கொண்டு போர்த்துக்கல், மத்தியதரைக் கடல் என்று போயிருக்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்து மச்சான்! 1986 ஓகஸ்ட்டில் 155 தமிழ் அகதிகளில் ஒருவனாக இரண்டு உயிர்காப்புப் படகுகளில் ஒன்றில் நீ மிதந்த அதே கடல். மார்ஸ்டலில் உள்ள கடல் நூதனசாலையின் சுவரில் அந்தப் பாதையைக் கீறிய வரைபடத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. நீ அந்தக் கதையை ஒருநாளும் முழுக்கச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நூதனசாலை 1929 இல் தொடங்கியது. உள்ளே 200க்கும் மேற்பட்ட மாதிரிக் கப்பல்கள். கொடி, கயிறு, நங்கூரம் எல்லாம் பிசகாமல். எந்தக் கப்பல், யார் கட்டியது, யார் கப்டன், எங்கே கடலில் மூழ்கித் தாண்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தாண்ட கப்பல்கள்தான் கூட. பெரிய மன்னர், தளபதி ஒருவரும் இல்லை. சமையல்காரப் பெடியனின் கடிதம், மனிசிமாரின் படம், கடற்பெட்டி. கண்ணாடிப் பெட்டி ஒன்றில் கப்டன் ஒருவரின் கணக்குக் கொப்பி. எத்தனை மூட்டை, என்ன கூலி, எந்த நாளில் காற்று மாறியது. அதைக் கண்டவுடன் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அது உன் அப்புவின் கொப்பிதான் மச்சான். மொழிதான் வேறு.

எங்களிடம் என்ன இருக்கிறது, சொல்லு? வல்வெட்டித்துறையில் கப்பல் தச்சரான ஓடாவிமார் வரைபடம் இல்லாமல், கண்ணளவில் கப்பல் கட்டினார்கள். நாகபட்டினம், காரைக்கால், ரங்கூன் என்று ஓடினார்கள். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் எங்கள் பெடியன்களோடு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு கப்பலைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம், அதுவும் ஒரு அமெரிக்கன் வாங்கினபடியால். மற்றக் கப்பல்கள்? எங்கள் அம்மப்பா தண்டையலாக, அதாவது கப்டனாக, இருந்த கப்பலின் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. அண்ணாவுக்கும் தெரியாது. கேட்க அம்மா இல்லை. கொப்பிகள் அலுமாரிக்குள் இருந்தன, 1989 இல் வீடு எரிந்தபோது அலுமாரியோடு போய்விட்டன. மார்ஸ்டல்காரனுக்குக் கடல்தான் கப்பலை எடுத்தது. எங்களுக்குக் கப்பல் எது, எங்கே போனது என்ற எழுத்தும் மிஞ்சவில்லை.

அன்றிரவு ஹோட்டலில் நித்திரை வரவில்லை. தொலைக்காட்சி இல்லை, கதைக்கக் கூடாது, மனிசி குறட்டை. வேறு வழியில்லாமல் ஹோட்டல் கடதாசியை எடுத்து எனக்குத் தெரிந்த கப்பல் பெயர்களை எழுதத் தொடங்கினேன். பிறகு தண்டையல்மார், ஓடாவிமார், சோழகக் காற்றில் போய் வாடைக் காற்றில் திரும்பினவர்கள், திரும்பாதவர்கள். எழுத எழுத வந்தது. அரைவாசியில் நின்றுவிட்டது. அந்தச் சத்தமில்லாத அறையை முதல்நாள் திட்டினேனே, வீட்டில் இருந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். பேத்தி பேனாவைப் பறித்திருப்பாள்.

இப்போது கேள். உன் அம்மா கனடாவுக்கு வரும்போது சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த கொப்பி உன் நிலக்கீழ் அறையில், கிறிஸ்மஸ் மரப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நான் வந்தபோது கண்ணால் கண்டேன். அங்கே ஈரம். அடுத்த வெள்ளம் வரும்வரை வைத்திருக்காதே. மேலே கொண்டுவந்து, ஒட்டியிருக்கும் பக்கங்களை இழுத்துப் பிரிக்காமல், ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடு. வெயிலில் காயப் போடாதே, மை மங்கிவிடும். உன் அப்புவின் எழுத்து உனக்கு விளங்காது, பள்ளிக்கூடத்தில் மாஸ்டரின் எழுத்தே உனக்கு விளங்கவில்லை. எனக்கு அனுப்பு. பழைய கூட்டெழுத்தும் அளவைகளும் நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியம்மாவுக்கு இன்னும் நினைவு தெளிவாக இருக்கிறதுதானே? பக்கத்தில் இருந்து போனில் பதிவு பண்ணு. கப்பலின் பெயர், யார் கட்டியது, என்ன ஏற்றியது, எந்தத் துறை. அவ அழுதால் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துத் திரும்பத் தொடங்கு. ‘இதெல்லாம் யாருக்கடா’ என்று கேட்பா. எனக்கு என்று சொல்லு.

நூதனசாலை கட்டச் சொல்லவில்லை, பயப்படாதே. சங்கம், நிர்வாகசபை, தலைவர் யார் என்ற சண்டை ஒன்றும் வேண்டாம். முதலில் ஒரு பட்டியல். அதற்கு இரண்டு கிழவர்கள் போதும்.

கொப்பியின் முதல் பக்கத்தையாவது இந்தக் கிழமைக்குள் வட்ஸ்அப்பில் போடு. போடாவிட்டால் கிளி அக்காவை உன் வீட்டுக்கு அனுப்புவேன், சும்மா சொல்லவில்லை.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்

பி.கு.: மகனின் கலியாணத்துக்கு 600 பேருக்கு மண்டபம் தேடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். உலகம் முழுக்க இருந்து ஆயிரக்கணக்கான சோடிகள் ஏரோவுக்கு வந்து கலியாணம் முடித்துக்கொண்டு போகிறார்கள், இரண்டு சாட்சி இருந்தால் போதும். நானும் மனிசியும் சாட்சிக்கு வருகிறோம். உன் மனிசியிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லாதே.